பிடித்துக்கொண்டுபோய் விட்ட யானை ஏன் அங்கே நிற்பதில்லை?

தோட்டத்துக்குள் வந்து பழகிய யானையைப் பிடித்து, தீனிக்கும் தண்ணீருக்கும் குறைவில்லாத வேறொரு காட்டில் கொண்டுபோய் விட்டாலும் அது ஏன் அங்கே நிற்பதில்லை என்பது கேள்வி. கடலெல்லாம் சுற்றும் ஆமை முட்டையிடுவதற்குப் பிறந்த கரைக்கே வருகிறது என்கிறார்களே, அது உண்மைதானா, இரண்டுக்கும் காரணம் ஒன்றா, இதைப் பாசம் என்பதா பழக்கம் என்பதா என்றும் அதனுடன் சேர்த்துக் கேட்கப்பட்டிருக்கிறது.

முதலில் கேள்வியைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு விலங்கு தன் வாழ்நாளைக் குறிப்பிட்ட ஒரு பரப்புக்குள்ளேயே கழிப்பது ஒன்று. தொலைதூரம் போய்விட்டு, இனப்பெருக்கத்துக்காகப் பிறந்த இடத்துக்கோ முன்பு குஞ்சு பொரித்த இடத்துக்கோ மீள்வது இன்னொன்று. யாரோ தூக்கிக்கொண்டுபோய் வேற்றிடத்தில் விட்ட பிறகு வந்த வழி தேடித் திரும்புவது மூன்றாவது. மூன்றையும் தமிழில் பொதுவாக இடப்பற்று என்று சொல்லிவிடலாம். ஆனால் இவற்றுக்குப் பின்னால் இருக்கும் காரணங்களும் உடலின் கருவிகளும் வேறுவேறு. இருந்தாலும் என் பார்வையில் இவற்றை இணைக்கும் இழை ஒன்று உண்டு. ஒரு விலங்கை உயிரோடு வைத்திருப்பதில் பெரும்பங்கு அதன் இடத்தைப் பற்றி அது சேர்த்துவைத்திருக்கும் அறிவுக்கு உரியது. அந்த அறிவு அந்த இடத்தில் மட்டுமே செல்லுபடியாகும்.

யானையிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு யானைக் கூட்டம் பல நூறு சதுர கிலோமீட்டர் பரப்பில் நடமாடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது இலக்கின்றித் திரிவதுபோலத் தோன்றினாலும், கழுத்துப்பட்டைக் கருவி பொருத்திப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகளில், அதே கூட்டம் அதே பருவத்தில் அதே பள்ளத்தாக்குக்கு வருவது மீண்டும் மீண்டும் பதிவாகியிருக்கிறது. கோடையில் எந்த ஓடை கடைசியாக வற்றும், எங்கே மணலைக் காலால் தோண்டினால் தண்ணீர் ஊறும், உவர்மண் எங்கே கிடைக்கும், முதல் மழைக்குப் பிறகு எந்தச் சரிவில் புல் முதலில் தளிர்க்கும், எந்த இடத்தில் ரயில் பாதையைக் கடப்பது ஆபத்தில்லாதது என்பனவெல்லாம் அந்தக் கூட்டத்தின் மூத்த பெண் யானைகளின் நினைவில் இருக்கின்றன. கன்றுகள் இவற்றைப் பத்து, பதினைந்து ஆண்டுகள் கூடவே நடந்து கற்கின்றன. வலசைப் பாதை என்று நாம் சொல்வது, காலால் எழுதித் தலைமுறை தலைமுறையாகக் கையளிக்கப்பட்ட இந்த நினைவைத்தான்.

இந்த நினைவுக்கு என்ன மதிப்பு என்பதைக் காட்டிய ஓர் ஆய்வு ஆப்பிரிக்காவில் நடந்தது. தான்சானியாவின் தாரங்கிரே தேசியப் பூங்காவில் 1993-இல் கடும் வறட்சி. கண்காணிப்பில் இருந்த கூட்டங்களின் 81 கன்றுகளில் 16 ஒன்பது மாதங்களுக்குள் இறந்தன. வழக்கமான ஆண்டுகளில் இறப்பு நூற்றுக்கு இரண்டு அளவில்தான் இருந்தது. இழப்பு எல்லாக் கூட்டங்களுக்கும் ஒரே அளவில் நேரவில்லை. பூங்காவை விட்டு வெளியேறித் தண்ணீரும் தீனியும் தேடிப் போன கூட்டங்கள் தம் கன்றுகளில் பெரும்பாலானவற்றைக் காப்பாற்றிக்கொண்டன. அங்கேயே தங்கிய கூட்டம் அதிகம் இழந்தது. வெளியேறிய கூட்டங்களில் வயது முதிர்ந்த பெண் யானைகள் இருந்தன. 1958 முதல் 1961 வரை அதே பகுதியில் நிலவிய முந்தைய வறட்சியைக் கன்றாகவோ இளம் வயதிலோ கடந்து வந்தவை அவை. முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வழி நினைவில் இருந்ததா இல்லையா என்பதே கன்று பிழைப்பதைத் தீர்மானித்தது என்று ஆய்வாளர்கள் கருதினர். இப்படிப்பட்ட பாட்டி யானையை வேறொரு மாநிலத்துக் காட்டில் இறக்கிவிட்டால், அந்த முப்பது ஆண்டு அறிவால் அங்கே ஒரு பயனும் இருக்காது.

உணவும் நீரும் தவிர அண்டை அயலும் இதில் உண்டு. தனக்கென எல்லை வகுத்து வாழும் பறவைகள் பல, பக்கத்து எல்லைக்காரனின் குரலைக் கேட்டால் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. அறியாத பறவையின் குரலைக் கேட்டால் உடனே சண்டைக்குப் பறந்துவருகின்றன. பழகிய எதிரியோடு வரம்பு ஏற்கெனவே பேசி முடிக்கப்பட்டதுபோல் ஆகிவிடுகிறது. புதிய இடத்துக்குப் போகும் விலங்கு அந்த வழக்கையெல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதுவும் எல்லாரும் தன்னை அந்நியனாகப் பார்க்கும் ஊரில்.

அப்படியானால் எல்லா விலங்கும் பிறந்த இடத்திலேயே இருந்துவிடலாமே என்று தோன்றும். அதற்கும் ஒரு விலை இருக்கிறது: உறவுக்குள்ளேயே இனம் பெருகினால் குட்டிகள் நலிந்து போகும். ஆகவே பெரும்பாலான உயிரினங்களில் ஆண், பெண் இரண்டில் ஒன்று வீட்டோடு தங்குகிறது, மற்றது வெளியேறுகிறது. பாலூட்டிகளில் பொதுவாக வெளியேறுவது ஆண்; பறவைகளில் பொதுவாகப் பெண். இந்த வேறுபாட்டை 1980-இல் கிரீன்வுட் என்ற விலங்கியலாளர் தொகுத்துக் காட்டினார், இன்றுவரை பெரிதும் நிற்கிறது. யானையிலும் பெண் கன்று தாயின் கூட்டத்திலேயே வாழ்நாளைக் கழிக்கும்; ஆண் கன்று பத்து, பதினைந்து வயதையொட்டிப் பிரிந்துபோகும். பிரிந்துபோன ஆணும் சில ஆண்டுகளில் தனக்கென ஒரு பரப்பை வகுத்துக்கொண்டு, மதக்காலத்தில் அதற்கு வெளியே விரிந்து திரிந்தாலும், மறுபடி அங்கேதான் வந்து சேரும். ஊருக்குள் வந்ததாகப் பிடிக்கப்படுபவை பெரும்பாலும் இத்தகைய ஆண்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது வேண்டியிருக்கும்.

இனி ஆமை. சென்னைக் கரையில் ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் கரையேறும் பங்குனி ஆமையை, அதாவது ஆலிவ் ரிட்லியை, ஒருமுறையேனும் நேரில் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி மனத்தை விட்டுப் போகாது. ஏறக்குறைய நூறு முட்டைகளை இட்டு, குழியை மூடி, உடலால் மண்ணைத் தட்டிச் சமன்செய்துவிட்டு அது கடலுக்குத் திரும்பிவிடும். தன் குஞ்சுகளை அது ஒருபோதும் பார்ப்பதில்லை. குஞ்சுகள் பொரிந்து வெளிவர ஒன்றரை முதல் இரண்டு மாதம் ஆகும்.

இதில் ஒரு பெரும் சிக்கல் ஒளிந்திருக்கிறது. நல்ல கரைக்கும் கெட்ட கரைக்கும் உள்ள வேறுபாடு முட்டையிடும் இரவில் தாயின் கண்ணுக்குத் தெரியாது. மணலின் வெப்பம் அடுத்த ஐம்பது நாட்களில் எப்படி மாறும், கடல்நீர் குழி வரைக்கும் ஏறுமா, வேர்கள் முட்டையைத் துளைக்குமா, கரையிலிருந்து விலகும் நீரோட்டம் குஞ்சுகளை இரை நிறைந்த கடலுக்கு இழுத்துச் செல்லுமா என்பவற்றையெல்லாம் அது சோதித்துப் பார்க்க வழியில்லை. அதன் கையில் இருக்கும் ஒரே சான்று தான் உயிரோடு இருப்பதுதான். தன்னைப் பொரித்து, கடலில் சேர்த்து, வளரவிட்ட ஒரு கரை உலகில் நிச்சயமாக ஒன்று உண்டு. அது எந்தக் கரை என்பது நினைவில் இருந்தால் வேறு எந்த ஆராய்ச்சியும் தேவையில்லை. பிறந்த இடத்துக்குத் திரும்பும் இயல்பு இவ்வளவு பலவகை உயிரினங்களில் தனித்தனியாகத் தோன்றியிருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் அவை உண்மையிலேயே பிறந்த கரைக்குத்தான் வருகின்றனவா? நெடுங்காலம் இது நிரூபிக்கப்படாமலே இருந்தது. கைவிரல் நீளமுள்ள குஞ்சுக்குப் பொருத்தும் அடையாளம் இருபது, முப்பது ஆண்டுகள் தங்காது. ஆகவே வேறொரு விளக்கமும் உலவியது: முதல்முறை முட்டையிடப்போகும் இளம் ஆமை, மேய்ச்சல் கடலில் சந்திக்கும் அனுபவமிக்க ஆமையைப் பின்தொடர்ந்து ஒரு கரைக்கு வருகிறது, பிறகு அதையே பழக்கமாக்கிக்கொள்கிறது என்று. 1990-இல் வெளியான ஓர் ஆய்வு, தாய்வழி மட்டுமே கடத்தப்படும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வைக் கொண்டு இரண்டையும் சோதித்தது. ஒரே கடலில் கலந்து மேயும் பச்சை ஆமைகள் ஒன்றையொன்று பின்தொடர்ந்து கரை தேர்ந்தெடுத்தால், எல்லாக் கரைகளிலும் தாய்வழி மரபு கலந்திருக்க வேண்டும். கலந்திருக்கவில்லை. ஒவ்வொரு கரைக்கும் தனித்தனித் தாய்வழி மரபு தெரிந்தது. மகள்கள் தாய்களின் கரைக்கே வந்துகொண்டிருந்தனர் என்பது இதனால் உறுதிப்பட்டது. பிரேசில் கரையோரத்தில் மேயும் பச்சை ஆமைகள், ஈராயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் அட்லாண்டிக் நடுவில் நூறு சதுர கிலோமீட்டர்கூட இல்லாத அசென்ஷன் தீவைத் தேடிச் சென்று முட்டையிடுவது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

வழி தெரிவது எப்படி? பூமியின் காந்தப்புலம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அதன் வலிமையும், தரையோடு அது சாயும் கோணமும் இடத்துக்கு இடம் மாறுகின்றன. ஒவ்வொரு கரைக்கும் ஏறத்தாழ ஒரு காந்த முகவரி உண்டு. ஆமைக்குஞ்சுகள் இதை உணரக்கூடியவை என்பது ஆய்வகத்தில் முன்னரே காட்டப்பட்டிருந்தது. அடுத்த சான்று 2015-இல் அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து வந்தது. காந்தப்புலம் ஆண்டுதோறும் சிறிது நகர்கிறது. அதனால் இரண்டு பக்கத்துக் கரைகளின் முகவரிகள் சில ஆண்டுகளில் நெருங்கும், சில ஆண்டுகளில் விலகும். 19 ஆண்டுகளின் முட்டைக் குழிக் கணக்கை இதனோடு ஒப்பிட்டபோது, முகவரிகள் நெருங்கிய இடங்களில் பெருந்தலை ஆமைகளின் முட்டைக் குழிகளும் நெருங்கின, விலகிய இடங்களில் பரவின. குஞ்சாக இருந்தபோது பதிந்த முகவரியைத் தேடித்தான் அவை வருகின்றன என்பதற்கு இதைவிட அழகான சான்று கிடைப்பது அரிது.

சால்மன் மீனில் இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் மூக்கு. ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட அதே ஆற்றின் அதே கிளைக்குத் திரும்பும் மீன் அது. ஒவ்வோர் ஓடைக்கும் அதன் மண், செடி, பாறை இவற்றால் அமைந்த மணம் உண்டு, மீன் அதைக் குஞ்சுப் பருவத்தில் பதித்துக்கொள்கிறது என்ற கருத்தை ஆர்தர் ஹாஸ்லர் முன்வைத்தார். 1970-களில் மிச்சிகன் ஏரியில் அதை நேரடியாகச் சோதித்தார்கள்: இளம் மீன்களை மார்ஃபொலின் என்ற வேதிப்பொருள் சிறிதளவு கலந்த நீரில் வளர்த்து ஏரியில் விட்டு, பிறகு அவை முட்டையிடும் பருவத்தில் ஓர் ஓடையில் அதே பொருளைச் சொட்டவிட்டார்கள். அந்த மீன்கள் தாம் அதுவரை பார்த்திராத அந்த ஓடையில் ஏறின. பிறந்த இடம் என்று மீன் தேடுவது ஒரு மணத்தை என்பது அங்கே வெளிப்பட்டது. திறந்த கடலிலிருந்து ஆற்றின் வாய்வரை வழிகாட்டுவதில் சால்மனுக்கும் காந்தப்புலத்தின் துணை உண்டு.

இந்தப் பதிவு தவறுவதும் உண்டு, அந்தத் தவறும் வீணாவதில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை 1980-இல் வெடித்தபோது டூட்டில் ஆறு சேறாக ஓடியது; அங்கே பிறந்த மீன்கள் பல, பக்கத்து ஆறுகளில் ஏறிப் பிழைத்தன. பங்குனி ஆமைகளும் இந்த விஷயத்தில் பச்சை ஆமையைவிடத் தளர்வானவை. ஒடிசாவில் 2021-இல் அடையாளத் தகடு பொருத்தப்பட்ட பெண் ஆமை ஒன்று, 2025 ஜனவரியில் இந்தியாவின் மறுகரையில், மகாராஷ்டிரத்தின் குஹாகரில் முட்டையிட்டது. எல்லா ஆமையும் எல்லாக் காலத்திலும் ஒரே கரைக்கு வந்திருந்தால், கடல்மட்டம் ஏறி இறங்கிய நீண்ட காலத்தில் ஆமை இனமே எஞ்சியிருக்காது. பெரும்பான்மை திரும்புவதும் சிறுபான்மை விலகுவதும் சேர்ந்துதான் இனத்தைக் காக்கின்றன.

பறவைகளில் இந்த விலகலுக்கு ஒரு கணக்கே இருக்கிறது. கடற்பாறைகளில் கூடமைக்கும் கிட்டிவேக் என்ற வடகடல் பறவையில், தன் கூடு தோற்றாலும் அண்டைக் கூடுகளில் குஞ்சுகள் வளர்ந்தால் மறு ஆண்டும் அங்கேயே வருகிறது. தன் கூடும் தோற்று, அண்டைக் கூடுகளும் தோற்றிருந்தால் இடத்தை மாற்றிக்கொள்கிறது. வென்றால் தங்கு, தோற்றால் நகர் என்ற இந்த விதி பல பறவைகளுக்குப் பொருந்தும். ஒரே தீவுக்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக வந்துகொண்டிருக்கும் பறவையும் உண்டு. பசிபிக் கடலின் மிட்வே தீவில் 1956-இல் வளையமிடப்பட்ட, விஸ்டம் என்று பெயரிடப்பட்ட லேசான் அல்பட்ராஸ் 2024-இன் இறுதியிலும் அங்கே வந்து முட்டையிட்டது.

மூன்றாவது வகைக்கு வருகிறேன், கேள்வியின் மையமும் இதுவே. விலங்கு தானாகப் போகாத இடத்தில் அதை விட்டால் திரும்ப முடிகிறதா? கிராமத்தில் பூனையைச் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அப்பால் விட்டுவந்தவர்களும், சந்தையில் விற்ற மாடு மறுநாள் பழைய தொழுவத்தில் நின்றதைக் கண்டவர்களும் இதற்குப் பதில் அறிவார்கள். அளந்து பார்த்தவையும் உள்ளன. வேல்ஸ் நாட்டை ஒட்டிய ஸ்காக்ஹோம் தீவிலிருந்து மாங்க்ஸ் ஷியர்வாட்டர் என்ற கடற்பறவை ஒன்றை 1952-இல் விமானத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குக் கொண்டுபோய்ப் பறக்கவிட்டார்கள். அட்லாண்டிக்கைக் கடந்து சுமார் 5,000 கி.மீ. பறந்து, பன்னிரண்டரை நாட்களில் தன் வளைக்கு அது திரும்பியிருந்தது. பறவையை விட்டதாக அறிவித்து எழுதிய கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஆஸ்திரேலியாவின் கேப் யார்க் தீபகற்பத்தில் உவர்நீர் முதலை ஒன்றை ஹெலிகாப்டரில் மறுகரைக்கு, நேர்கோட்டில் 126 கி.மீ. தூரத்தில் கொண்டுபோய் விட்டார்கள். சில மாதங்கள் அங்கே கிடந்துவிட்டு, பிறகு தீபகற்பத்தின் முனையைச் சுற்றி 400 கி.மீ.க்கும் மேல் கடலில் நீந்தி, இருபதே நாட்களில் சொந்த ஆற்றுக்கு வந்தது. இந்த ஆய்வு 2007-இல் வெளியானது.

நம் யானைகளில் இதை மிகத் தெளிவாகக் காட்டியது பொள்ளாச்சிப் பகுதியில் பேசப்பட்ட மக்னா யானை, அதாவது கொம்பில்லாத ஆண் யானை. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் தர்மபுரி மாவட்டத்தில் பிடிக்கப்பட்டு, ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் வரகளியாறு பகுதியில் விடப்பட்ட அது, மூன்று வாரங்களுக்குள் காட்டை விட்டிறங்கி, வயல்களையும் சாலைகளையும் கடந்து கோவை மாநகரின் புறத்தெருக்களில் நின்றது. நடந்த திசை வடக்கு. தர்மபுரியும் வடக்கில்தான் இருக்கிறது. மறுபடி பிடித்து ஆனைமலையில் விட்டார்கள். அப்போதும் அது தங்கவில்லை, ஜூலை இறுதியில் மூன்றாம் முறை பிடிக்க வேண்டியதாயிற்று.

எல்லா யானையும் இப்படி நேராக வீடு நோக்கி நடப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கோவையின் தடாகம் பள்ளத்தாக்கில் 2019 ஜனவரியில் பிடித்து ஆனைமலையில் விடப்பட்ட சின்னத்தம்பி வெளியேறியது உண்மை, ஆனால் அது போய்ச் சேர்ந்தது கிழக்கே உடுமலைப்பேட்டையை ஒட்டிய கரும்புக் காடுகளுக்கு. அது வீட்டின் திசை இல்லை. இடுக்கியின் சின்னக்கானலில் 2023 ஏப்ரல் இறுதியில் பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன், பெரியாறு காப்பகத்தில் விடப்பட்ட ஒரு மாதத்துக்குள் மேகமலை வழியாகக் கம்பம் நகருக்குள் வந்தது. ஜூனில் மீண்டும் பிடிக்கப்பட்டு, தெற்கே களக்காடு முண்டந்துறைக் காட்டின் உச்சிப் பகுதியில் விடப்பட்டது. செப்டம்பரில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்துபோனாலும் பழைய இடத்துக்கு அது திரும்பவில்லை.

இந்த வேறுபாடுகளை ஒழுங்காக ஆராய்ந்தவர்கள் இலங்கையில் இருக்கிறார்கள். பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் அவருடன் பணியாற்றியவர்களும் 12 ஆண் யானைகளின் 16 இடமாற்றங்களை ஜி.பி.எஸ். கழுத்துப்பட்டை வழியாகப் பின்தொடர்ந்து, 2012-இல் முடிவுகளை வெளியிட்டனர். இடம் மாற்றப்பட்ட யானைகள் மூன்று வகையாகப் பிரிந்தன: பிடித்த இடத்துக்கே திரும்பியவை, எங்கும் தங்காமல் பரந்து அலைந்தவை, புதிய இடமொன்றில் அமைந்தவை. விடப்பட்ட தேசியப் பூங்காக்களுக்குள்ளேயே இரண்டு கொல்லப்பட்டன, வெளியேயும் சில கொல்லப்பட்டன. அமைந்தவையும் பிரச்சினையை விட்டுவிடவில்லை. ஊருக்கும் யானைக்கும் இடையிலான மோதல் புதிய ஊர்களுக்குப் பரவியது, யானைகளின் சாவும் கூடியது என்பதே ஆய்வின் முடிவு. ஆணின் இயல்பைப் பற்றி முன்னால் சொன்னதை இங்கே நினைவுகொள்ளலாம். விடப்படும் காட்டில் ஏற்கெனவே பெரிய ஆண்கள் உண்டு. வழி தெரியாமல், நீர்நிலை தெரியாமல், உறவும் அறிமுகமும் இல்லாமல் அவற்றின் நடுவில் வந்து நிற்கும் யானைக்கு, தான் நன்கு அறிந்த ஒரே உணவுமுறை வயலும் தோட்டமும்தான். அந்த அறிவு மட்டும் எந்த ஊரிலும் பயன்படும்.

சிறுத்தையில் இதன் விளைவு இன்னும் கொடியது. மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் வட்டாரத்தில் 2001 முதல் 2003 வரை, ஊரோரக் கரும்பு வயல்களில் வாழ்ந்த சிறுத்தைகளைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்து வேறு காடுகளில் விட்டார்கள். முந்தைய ஆண்டுகளில் ஆண்டுக்குச் சராசரியாக 4 ஆக இருந்த மனிதர்மீதான தாக்குதல், அந்த ஆண்டுகளில் 17 ஆக உயர்ந்ததை வித்யா அத்ரேயாவும் அவருடன் இருந்தவர்களும் பதிவுசெய்திருக்கிறார்கள். வயல்களில் மனிதர் நடமாட்டத்தை அறிந்து ஒதுங்கி வாழ்ந்த விலங்கை, மனிதர் எப்போது எங்கே வருவார்கள் என்றே தெரியாத இடத்தில் விட்டால் வேறென்ன நடக்கும்? ஊருக்குள் சிறுத்தை வந்துவிட்டது, பிடித்துக் காட்டில் விடுங்கள் என்று கேட்கும் மக்களின் அச்சம் நியாயமானது, அதை நான் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பிடித்துவிடுவதால் அந்த அச்சம் தீர்வதில்லை, வேறொரு ஊரின் தலையில் போய் இறங்குகிறது.

பாசமா, பழக்கமா என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். யானைக்கு உணர்வு உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை; ஆனால் திரும்பி நடப்பதை விளக்க உணர்வைத் துணைக்கு அழைக்கத் தேவையில்லை. ஆமைக்கு அது பிறவியில் ஒருமுறை பதியும் முகவரி. யானைக்கு அது வாழ்நாள் முழுதும் கற்ற பாடம். ஆமை தன் கரையைத் தாயிடமிருந்து கற்பதில்லை, யானை தன் காட்டைத் தாயிடமிருந்து கற்காமல் இருப்பதில்லை.

இந்த வேறுபாடு நடைமுறையில் பெரிது. பிறவியில் பதியும் முகவரியை, பதிவதற்கு முன்பே நாம் மாற்ற முடியும். மெக்சிகோவின் ராஞ்சோ நுவேவோ கரையில் மட்டுமே பெருமளவில் முட்டையிட்டு, அழியும் நிலைக்கு வந்திருந்த கெம்ப் ரிட்லி, நம் பங்குனி ஆமைக்கு மிக நெருங்கிய இனம். அதற்கு இரண்டாவது கரை ஒன்றை ஏற்படுத்த, 1978 முதல் 1988 வரை 22,000-க்கும் மேற்பட்ட முட்டைகளை அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள பாட்ரே தீவுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தத் தீவின் மணலிலேயே முட்டைகளை வைத்து, பொரிந்த குஞ்சுகளை அந்தக் கரையிலேயே நடந்து அலையில் இறங்கவிட்டு, பிறகு வலையால் அள்ளி, சில மாதங்கள் வளர்த்துக் கடலில் விட்டார்கள். அவற்றில் முதலாவதாக அடையாளம் காணப்பட்ட ஆமை 1996-இல் டெக்சாஸ் கரையேறி முட்டையிட்டது. சென்னையில் 1988 முதல் மாணவர்களும் தன்னார்வலர்களும் இரவில் கரையோரம் நடந்து, முட்டைகளைப் பாதுகாப்பான பொரிப்பிடத்துக்கு மாற்றி, பொரிந்த குஞ்சுகளைக் கூடையிலிருந்து நேராகக் கடலில் கொட்டாமல் மணலில் தாமே நடந்துபோக விடுகிறார்கள் அல்லவா? அந்தச் சில நிமிட நடையைக் குஞ்சுகளிடமிருந்து பறிக்கக் கூடாது என்ற எண்ணமும் இதே அறிவிலிருந்து வந்ததுதான்.

ஜப்பானில் இதைப் பறவையில் செய்தார்கள். குட்டைவால் அல்பட்ராஸ்களில் பெரும்பான்மை டோரிஷிமா என்ற தீவில் கூடமைக்கின்றன. அது எப்போது வேண்டுமானாலும் வெடிக்கக்கூடிய எரிமலை. 2008 முதல் 2012 வரை, ஏறக்குறைய ஒரு மாத வயதுள்ள 70 குஞ்சுகளைச் சுமார் 350 கி.மீ. தெற்கே முகோஜிமா தீவுக்குக் கொண்டுபோய், மனிதர்கள் கையால் ஊட்டி வளர்த்தார்கள். 69 குஞ்சுகள் சிறகு முளைத்துப் பறந்து சென்றன. 2011-இல் முதல் பறவை முகோஜிமாவுக்குத் திரும்பியது; 2016-இல் அங்கே வளர்ந்த பறவையின் குஞ்சு ஒன்று அந்தத் தீவிலிருந்தே பறந்தது. வளர்ந்த பறவைகளைப் பிடித்துக்கொண்டுபோய் விட்டிருந்தால் அவை எரிமலைக்கே திரும்பியிருக்கும்.

யானைக்கு இப்படிப்பட்ட ஒரு மாத வாசல் கிடையாது. அதன் வாசல் பத்துப் பதினைந்து ஆண்டுகள் திறந்திருக்கிறது, அத்தனை ஆண்டும் தாயும் பாட்டியும் கூடவே நடக்க வேண்டும். நாற்பது வயதுக் கொம்பனை லாரியில் ஏற்றும்போது நாம் மாற்றுவது அதன் உடல் நிற்கும் இடத்தை மட்டுமே. அதன் தலைக்குள் இருக்கும் காடு தடாகமாகவோ சின்னக்கானலாகவோதான் இருக்கும். ஆகவே பாதையின் குறுக்கே கட்டிய சுவரை விலக்குவதும், வலசை வழியில் புதிய கட்டடத்துக்கு அனுமதி மறுப்பதும், யானை வருவதை முன்கூட்டியே ஊருக்கு அறிவிக்கும் ஏற்பாடுகளைச் செய்வதும், பயிரிழப்புக்கு உடனே ஈடு கொடுப்பதும்தான் பயன் தரும் வழிகள் என்று கருதுகிறேன். இவை மெதுவானவை, செலவுமிக்கவை, ஆண்டுக்கணக்கில் கவனம் கேட்பவை. அவ்வளவு காலமும் வயலில் இரவுக்காவல் இருக்கும் உழவர் இழப்பைத் தனியே சுமக்கும்படி விட்டுவிடவும் கூடாது. கடற்கரையிலும் இதே நிலைதான். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. பல ஆண்டுகள் கடலில் வளர்ந்து முட்டையிடக் கரை நெருங்கியவற்றில் பல, இழுவலையில் சிக்கி மூச்சு முட்டி இறந்தவை. அவற்றின் தலையில் பதிந்திருக்கும் முகவரியை நம்மால் திருத்த முடியாது. அந்த மூன்று மாதங்கள் கரையோர நீரில் இழுவலையை நிறுத்திவைக்கவும், கரையை நோக்கிய விளக்குகளை இரவில் அணைக்கவும் நம்மால் முடியும்.